புத்தகத்தை ஸ்கேன் செய்து காதால் படிக்க

ஒரு சாயங்காலம் அரை மணி நேரம் போனோடு மல்லுக்கட்டினேன். புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்துப் படிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. போனைத் தூக்கினேன், இறக்கினேன், புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினேன், ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். ஒவ்வொரு தடவையும் எழுத்து எதுவும் கிடைக்கவில்லை என்றே பதில் வந்தது. டியூஷன் முடிந்து வந்த அக்கா மகன் வாசற்படியில் நின்றபடியே, "மாமா, லைட்டே போடலியே" என்றான்.

பார்வையற்ற நமக்கு விளக்கு வேண்டாம், கேமராவுக்கு வேண்டும். இதை எந்த ஆப்பின் உதவிப் பக்கமும் எனக்குச் சொல்லவில்லை. அச்சிட்ட எழுத்தைப் படிக்கும் மென்பொருள் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் எந்த மென்பொருள் நல்லது என்றே ஆரம்பிக்கிறார்கள். என் அனுபவத்தில் பாதி வேலை மென்பொருளுக்கு முன்னாலேயே, பக்கத்தைச் சரியாகப் பிடிப்பதில் முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி, வந்த எழுத்தில் எங்கே பிழை இருக்கும் என்று காது பழகுவதில் இருக்கிறது. நடுவில் இருக்கும் மென்பொருள் வருஷா வருஷம் மாறும், அதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

பார்வையற்றவருக்கு அச்சுப் புத்தகத்தைப் படித்துக் காட்டும் இயந்திரத்தை ரே கர்ஸ்வைல் அமெரிக்காவில் 1976லேயே வெளியிட்டுவிட்டார். துணி துவைக்கும் மெஷின் அளவுக்கு இருந்தது அது, ஆங்கிலம் படித்தது. தமிழைப் பொறுத்தவரை, சாதாரண ஆள் காசு கொடுக்காமல் நம்பிப் பயன்படுத்தும் நிலை என் கணக்கில் 2015இல்தான் வந்தது. கூகுள் டிரைவில் 200க்கு மேற்பட்ட மொழிகளுக்கு எழுத்துணரி (படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள், ஓசிஆர்) வந்தபோது தமிழும் அதில் இருந்தது. அதனால் நாம் இதில் இன்னும் பழசாகிவிடவில்லை, இப்போது கற்றுக்கொண்டாலும் தாமதம் இல்லை.

ஸ்கேன் செய்வதற்கு முன்னால்

முதலில் தேடுங்கள். 200 பக்கப் புத்தகத்தை ஸ்கேனரில் விரித்து வைத்து எடுத்தால் 100 தடவை புத்தகத்தைத் தூக்கிப் புரட்டி வைக்க வேண்டும். ஒரு தடவைக்கு 30 விநாடி என்று வைத்தாலே 50 நிமிஷம் போகும், திருத்தும் வேலை தனி. அந்தப் புத்தகம் ஏற்கெனவே எழுத்தாகக் கிடைத்தால் இந்தப் பாடு எதற்கு? பழைய இலக்கியம் என்றால் மதுரைத் திட்டத்தில் பாருங்கள், 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். நாட்டுடைமை ஆன எழுத்தாளர்கள் என்றால் தமிழ் விக்கிமூலம். பாடப் புத்தகம், போட்டித் தேர்வுப் புத்தகம் போன்றவற்றுக்கு 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் தேடிப் பார்க்கலாம். அதில் சேர மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும்.

ஸ்கேன் செய்வது சட்டப்படி சரியா என்று சிலர் தயங்குகிறார்கள். சரிதான். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது 52ஆம் பிரிவில் நமக்காகவே ஒரு விலக்கு சேர்த்தார்கள். அச்சைப் படிக்க முடியாதவர் தன் சொந்தப் படிப்புக்காக அதைப் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அச்சைப் படிக்க முடியாதவர்களுக்குப் புத்தகம் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்றுக்கொண்ட நாடும் இந்தியாதான், 2014இல். ஆனால் அந்தக் கோப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாருக்கும் போட்டுவிடுவது வேறு கதை, அதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று, கையில் இருப்பது பிடிஎஃப் என்றால் அது எந்த வகை என்று பாருங்கள். திறந்ததும் திரை வாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் மென்பொருள்) ஒழுங்காகப் படித்தால் ஒன்றுமே செய்ய வேண்டாம். காலி என்று சொன்னாலோ மௌனமாக இருந்தாலோ அது வெறும் படம், எழுத்துணரியில் போட வேண்டும். மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, தமிழில் மட்டும் படுத்தும் வகை. என் மேசைக்கு ஒரு தடவை ஒரு சுற்றறிக்கை வந்தது. திறந்தால் என் திரை வாசிப்பான் என்விடிஏ "எம் கே செமிகோலன் கே ஹெச்" என்று ஆரம்பித்துப் பக்கம் முழுக்க அந்த மாதிரியே ஆங்கில எழுத்தாக ஒப்பித்தது. வைரஸ் என்று நினைத்து மூடிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அது பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் எம் என்றால் அ, கே என்றால் ம, செமிகோலன் என்றால் புள்ளி, ஹெச் என்றால் கால். ஆக அந்த எம் கே செமிகோலன் கே ஹெச் வேறொன்றும் இல்லை, அம்மா. பார்ப்பவர் கண்ணுக்கு அழகான தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். இப்படி வந்தால் இரண்டு வழி. எழுத்துகளை நகல் எடுத்து என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்கலாம், எழுத்துரு எது என்று தெரிந்தால் இதுதான் மிகச் சுத்தமான வழி, பிழை கிட்டத்தட்ட வராது. தெரியாவிட்டால் பக்கங்களைப் படமாக மாற்றி, அச்சுப் பக்கத்தைப் போலவே எழுத்துணரிக்குக் கொடுத்துவிடுங்கள். உள்ளே என்ன குப்பை இருந்தாலும் மேலே தெரிவது தமிழ்தானே, அது அதைத்தான் படிக்கும்.

பக்கத்தைப் பிடிப்பது

கண்ணாடிப் பலகை வைத்த ஸ்கேனர் இருந்தால், அதுவும் நீளமான புத்தகம் என்றால், அதையே பயன்படுத்துங்கள். விளக்கு, தூரம், கோணம் எதைப் பற்றியும் யோசிக்க வேண்டாம், மூன்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பிரிண்டரோடு சேர்ந்து வரும் சாதாரண ஸ்கேனரே போதும்.

அமைப்பில் மாற்ற வேண்டியது இரண்டே. தெளிவு 300 டிபிஐ, நிறம் கிரேஸ்கேல். 300 என்பது ஏதோ சம்பிரதாயம் இல்லை. 10 பாயிண்ட் எழுத்து 300 டிபிஐயில் சுமார் 42 பிக்சல் உயரம் வரும், 150இல் வைத்தால் 21 தான். ஆங்கிலத்துக்கு அது எப்படியோ ஓடிவிடும். நமக்குத் தலைக்கு மேலே புள்ளி இருக்கிறதே, 150இல் அந்தப் புள்ளி இரண்டு மூன்று பிக்சலாகச் சுருங்கி, காகிதத்தில் இருக்கும் அழுக்குக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். புள்ளி போனால் தமிழில் என்ன ஆகும் என்று அப்புறம் சொல்கிறேன். மிகச் சின்ன எழுத்து, அடிக்குறிப்பு என்றால் 400 வையுங்கள். அதற்கு மேலே போனால் நேரம்தான் அதிகம் ஆகும். கருப்பு வெள்ளை என்ற அமைப்பைத் தொடவே வேண்டாம், பழுப்பேறிய தாளில் பாதி எழுத்தை விழுங்கிவிடும்.

புத்தகத்தை விரித்துக் கவிழ்த்ததும் முதுகை உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பிடியுங்கள். தையலுக்குப் பக்கத்தில் தாள் வளைந்து நின்றால் உள்ஓரத்து எழுத்துகள் எல்லாம் சிதறும். மேல் ஓரத்தை ஸ்கேனரின் விளிம்பில் முட்டக் கொடுத்து வைத்தால் கோணல் வராது. மூடியை மூட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, தடித்த புத்தகத்துக்கு மூடவும் முடியாது. தாள் மெல்லியதாக இருந்து பின்பக்க எழுத்து முன்னால் தெரிகிறதாம் என்று யாராவது சொன்னால், படிக்கப்போகும் தாளுக்குப் பின்னால் ஒரு கருப்பு அட்டையைச் செருகுங்கள். பழைய மலிவுப் பதிப்புகளுக்கு இது ரொம்ப உதவும்.

தனித்தாள் என்றால் எது மேல்பக்கம், எது தலை என்று நமக்குத் தெரியாது. யாரையும் கூப்பிட வேண்டாம், ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். ஒன்றுமே வராவிட்டால் தாளைப் புரட்டுங்கள், குறிகளும் ஒற்றை எழுத்துகளும் கொட்டினால் தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம். சரியான நிலை தெரிந்ததும் வலது மேல் மூலையைச் சின்னதாக மடித்து வைத்துவிடுவேன். என் அலமாரியில் இருக்கும் எல்லாத் தாளுக்கும் அந்த மூலை மடிப்பு உண்டு.

இனி போன். கடிதம், பில், நோட்டீஸ், மருந்து அட்டை, பஸ்ஸில் கையில் கொடுத்துவிட்டுப் போகும் துண்டுப் பிரசுரம், எல்லாவற்றுக்கும் போன்தான். கை பழக வேண்டும், ஒரு வாரம் ஆகும்.

தாளை மேசைமேல் வையுங்கள், முடிந்தால் கருப்புத் துணி விரித்து அதன் மேல், அப்போது தாளின் ஓரங்கள் ஆப்புக்குத் தெளிவாகத் தெரியும். போனைத் தாளின் நட்டநடுவில் படுக்க வையுங்கள், கேமரா இருக்கும் பக்கம் கீழே. கேமரா மேல் முனையில் இருப்பதால் போனின் நடுவைவிடக் கேமரா தாளின் நடுவுக்கு வருகிற மாதிரி இரண்டு விரல் கீழே இழுத்துக்கொள்ளுங்கள். இப்போது இரண்டு முழங்கைகளையும் தாளுக்கு இரு பக்கமும் மேசையில் ஊன்றி, போனை இரு கையாலும் பிடித்து, லிஃப்ட் ஏறுவது மாதிரி நேராக மேலே தூக்குங்கள். ஏ4 தாள் முழுக்கத் தெரிய ஒரு முழத்துக்கும் குறைவாக, 30 முதல் 35 சென்டிமீட்டர் போதும். முழங்கை மேசையை விட்டு எழும்பவே கூடாது, அதுதான் சூட்சுமம். எழும்பினால் போன் நம்மை அறியாமலே முன்பக்கம் சாயும்.

திரையில் இருக்கும் பொத்தானைத் தேடித் தட்டும்போது போன் அசைந்து படம் கலங்கும். பெரும்பாலான கேமரா ஆப்களில் வால்யூம் பொத்தானை அழுத்தினாலே படம் எடுக்கும். அதுவும் அசைந்தால் 3 விநாடி டைமர் வைத்துக்கொள்ளுங்கள். சில ஆப்கள் தாளின் நான்கு ஓரமும் தெரிந்ததும் "அசையாமல் பிடி" என்று சொல்லித் தானே எடுத்துக்கொள்ளும், மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ ஆப்பில் டாக்குமென்ட் என்ற பகுதி அப்படித்தான். புதிதாகப் பழகுகிறவர்கள் அதில் ஆரம்பித்தால் கைக்குத் தூரம் பிடிபடும்.

ஃபிளாஷை அணைத்துவிட்டு அறை விளக்கைப் போடுங்கள். வழவழப்பான தாளில் ஃபிளாஷ் வெள்ளை வட்டமாகத் திருப்பி அடிக்கும், அந்த வட்டத்துக்குள் இருக்கும் நாலு வரி காணாமல் போய்விடும். விளக்கு நேர் தலைக்கு மேல் இருந்தாலும் நம் கையின் நிழலே விழும், பக்கவாட்டில் இருந்தால் நல்லது. பகலில் ஜன்னலோரம் இதை எல்லாம்விட மேல்.

நிறையத் தாள் இருந்தால் ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து ஒரு பக்கத்தை முழுக்க வெட்டிவிடுங்கள், மேலே கேமரா அளவுக்கு ஓட்டை போடுங்கள், போனை மேலே வைத்துவிட்டுத் தாளை உள்ளே தள்ளித் தள்ளி எடுங்கள். உள்ளே இருட்டாக இருந்தால் பக்கத்தில் ஒரு எல்இடி விளக்கு. காசு போட்டு வாங்கும் ஸ்டாண்டுகள் செய்வதும் இதையேதான், எனக்கு மளிகைக் கடைப் பெட்டியே ஐந்து வருஷம் உழைத்தது.

பத்திரிகை, வார இதழ் தனித் தலைவலி. மூன்று பத்தியாக அச்சிட்டதைச் சில நேரம் எழுத்துணரி குறுக்கே படித்துவிடும். முதல் பத்தியில் அமைச்சர் பேச, இரண்டாவது பத்தியில் தங்கம் விலை, மூன்றாவதில் மழை, எல்லாம் ஒரே வாக்கியமாக வரும். பத்திகளுக்கு நடுவே தாளை மடித்து ஒவ்வொரு பத்தியாக எடுப்பதுதான் நான் கண்ட வழி.

எதில் போட்டுப் படிப்பது

கணினியில் எனக்கு முதல் தேர்வு இன்னமும் கூகுள் டிரைவ். படத்தையோ பிடிஎஃப்பையோ டிரைவில் ஏற்றி, அந்தக் கோப்பின் மேல் நின்று விசைப்பலகையின் அப்ளிகேஷன் பொத்தானை (வலது கிளிக்குக்குச் சமம்) அழுத்தி, திறக்கும் வழிகளில் கூகுள் டாக்ஸைத் தேர்ந்தால் போதும். புதிதாக ஓர் ஆவணம் பிறக்கும், மேலே படம் இருக்கும், அதற்குக் கீழே எழுத்து. கோப்பு 2 எம்பிக்குள் இருக்கட்டும் என்று கூகுளே சொல்கிறது, நீளமான பிடிஎஃப்பைப் பத்துப் பத்துப் பக்கமாக வெட்டி ஏற்றுவது என் வழக்கம். போன் ஆப்பில் இந்த வழியைத் தேடிக் களைக்காதீர்கள், கணினியின் உலாவியில் செய்யுங்கள். போனில் அவசரத்துக்குக் கூகுள் லென்ஸ் இருக்கிறது, தமிழ் நன்றாகவே படிக்கும்.

இணையத்துக்கு அனுப்ப விரும்பாத தாள்கள் உண்டு. வங்கிப் பாஸ்புக், ஆதார், மருத்துவ அறிக்கை, வக்கீல் நோட்டீஸ். இவற்றுக்கு டெசராக்ட். 1980களில் ஹெச்பி நிறுவனத்தில் பிறந்து, 2005இல் திறமூலமாகி, அப்புறம் பல வருஷம் கூகுளின் ஆதரவில் வளர்ந்த எழுத்துணரி இது, முழுக்க நம் கணினிக்குள்ளேயே ஓடும். கட்டளை எழுதப் பயமாக இருந்தால் நாப்ஸ்2 என்ற இலவச ஸ்கேன் மென்பொருளைப் போடுங்கள், உள்ளே இருப்பது டெசராக்ட்தான். அதன் ஓசிஆர் அமைப்பில் தமிழ் மொழிக் கோப்பைத் தரவிறக்கிக்கொள்ள வேண்டும். ஸ்கேனரிலிருந்து எடுத்து நேராகத் தேடக்கூடிய பிடிஎஃப்பாகச் சேமித்துக் கொடுத்துவிடும். கட்டளை எழுதத் தெரிந்தவர்கள் மொழி என்ற இடத்தில் தமிழையும் ஆங்கிலத்தையும் கூட்டல் குறி போட்டுச் சேர்த்துக் கொடுங்கள். தமிழை மட்டும் கொடுத்தால் நடுவில் வரும் ஆங்கிலச் சொல்லையும் தமிழ் எழுத்தாக்கிக் கந்தர்கோளம் பண்ணும்.

என்விடிஏவிலேயே இன்சர்ட்டோடு ஆர் அழுத்தினால் திரையில் இருக்கும் படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் வசதி உண்டு. அது விண்டோஸின் எழுத்துணரியைத்தான் கூப்பிடுகிறது, என் கணினியில் அதன் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. ஆங்கிலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன், அதற்கு அருமை.

படித்துக் காட்டும் குரலைப் பற்றி ஒரு வார்த்தை. என்விடிஏவோடு வரும் இஸ்பீக் தமிழ் படிக்கும், ஆனால் தகரத்தைத் தட்டுவது மாதிரி இருக்கும் என்று புதியவர்கள் ஓடிவிடுகிறார்கள். விண்டோஸ் அமைப்புகளில் பேச்சு என்ற பகுதியில் தமிழ்க் குரலைச் சேர்த்துவிட்டு, இன்சர்ட், கன்ட்ரோல், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி விண்டோஸின் ஒன்கோர் குரலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்தக் குரலுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் வள்ளுவர். நாவல் கேட்க அவர் போதும். பிழை பார்க்கும்போது மட்டும் நான் இஸ்பீக்குக்கே திரும்பிவிடுகிறேன், என் காதுக்கு அதில்தான் தப்பு துருத்திக்கொண்டு கேட்கிறது.

காதில் விழும் பிழை, விழாத பிழை

தமிழில் எழுத்துணரி செய்யும் தப்புகள் ஒரு வகைக்குள் அடங்கும், இரண்டு புத்தகம் முடித்தால் மனப்பாடம் ஆகிவிடும். முதலாவது, காலை ர என்று படிப்பது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்குமாம், கீழே ஒரு சின்னச் சாய்வுக்கோடுதான் வித்தியாசமாம். காலம் கரலம் ஆகும், பாரம் பரரம் ஆகும், கொடு கெரடு ஆகும். இவை காதில் கல் மாதிரி விழும், பயம் இல்லை. ஔகாரக் குறியின் இரண்டாவது பாதியை ள என்று எடுத்துக்கொண்டால் கௌரி கெளரி ஆகிவிடும், குரல் அதைக் கெ, ள, ரி என்று மென்று துப்பும். மு, ழு இரண்டும் இடம் மாறும், று, நு மாறும்.

பயப்பட வேண்டியது புள்ளிக்கு. பல் வலி என்று இருந்தது பல வலி ஆகிவிடும். கேட்டால் அதுவும் தமிழ்தான், அர்த்தமும் வந்துவிடுகிறது, நாம் மேலே போய்விடுவோம். மண் மண ஆகும், கண் கண ஆகும். வாக்கியம் லேசாக நொண்டுகிற இடத்தில் நின்று, நம்பேடில் 5ஐ இரண்டு தடவை அழுத்தி அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கேளுங்கள். ஒற்றை எழுத்துக்கு 2. மடிக்கணினி அமைப்பு என்றால் விசை வேறு, என்விடிஏவின் விசைப்பலகை உதவியைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய புத்தகம் என்றால் இன்னொரு தொல்லை உண்டு. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் அச்சான புத்தகங்களில் ணை, லை, னை, ளை, ணா, றா, னா போன்ற 13 எழுத்துகளின் உருவமே வேறு. யானையின் துதிக்கை மாதிரிச் சுழித்துக்கொண்டு இருக்கும் என்று பார்வையுள்ள பெரியவர்கள் சொல்வார்கள். எழுத்துணரிக்கு அந்த உருவம் பழக்கம் இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஏதாவது ஒரு குறியையோ வேறு எழுத்தையோ வைத்துவிடும். புத்தகம் முழுக்க ஒரே மாதிரித் தப்பாக வந்தால் மென்பொருளைத் திட்டாமல் பதிப்பு வருஷத்தைப் பாருங்கள்.

ஒரே மாதிரித் தப்பு என்றதும் தேடி மாற்று என்ற வசதியை நினைத்துக் கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. ஒரு கோப்பில் பொ எல்லாம் பெர என்று வந்திருந்ததால் நோட்பேடில் பெர என்பதை எல்லாம் பொ ஆக்கு என்று ஒரே அழுத்து. அப்புறம் கேட்டால் பெரிய என்ற சொல் புத்தகத்திலேயே இல்லை. பெரிய, பெரியவர், பெரியார், எல்லாம் பொ என்று ஆரம்பித்து அடுத்த எழுத்தில் வெறும் கொக்கியாகத் தொங்கின, குரல் அந்த இடத்தில் விக்கியது. கணினிக்கு ரி என்பது ஒரே எழுத்து இல்லை, ர போட்டு அதன்மேல் கொக்கி, அதனால் ர வைப் பிடுங்கிக்கொண்டு கொக்கியை விட்டுவிட்டது. ரர என்பதை ரா ஆக்கினாலும் இதே கதி, யாழ்ப்பாணத்து அரசன் பரராசசேகரன் பெயர் நாசமாகும். ஆக, துண்டு எழுத்தை மாற்றாதீர்கள், முழுச் சொல்லாக மாற்றுங்கள். கரலம் என்பதைக் காலம் ஆக்கலாம், கர என்பதைக் கா ஆக்கக் கூடாது. மாற்றுவதற்கு முன் கோப்பை ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

செய்தே தீர வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு, வரி முறிவு. அச்சில் ஒவ்வொரு வரியும் எங்கே முடிந்ததோ அங்கெல்லாம் எழுத்துணரி என்டர் போட்டு வைத்திருக்கும், குரல் ஒவ்வொரு வரிக்கும் மூச்சு வாங்கும். வேர்டின் தேடி மாற்றில் கேரட் குறியும் (^) ஆங்கில பி எழுத்தும் (p) சேர்ந்தால் பத்தி முறிவு. முதலில் இரட்டை முறிவுகளை இரண்டு அட் குறியாக (@@) மாற்றுங்கள், அப்புறம் மிச்சம் இருக்கும் ஒற்றை முறிவுகளை இடைவெளியாக, கடைசியில் அட் குறிகளைத் திரும்ப முறிவாக. மூன்று நிமிஷ வேலை, கேட்பதற்குப் புத்தகமே மாறிவிடும். தமிழில் வரிக்கடைசியில் சொல்லை இணைப்புக்குறி இல்லாமலே வெட்டுவார்கள், அதனால் வந்துகொண் டிருந்தான் என்று சில இடத்தில் இடைவெளி நிற்கும். அதைத் திருத்த உட்கார்ந்தால் ஆயுள் போதாது, விட்டுவிடுங்கள். மாணவர்கள் பக்க எண்களை மட்டும் அழிக்காமல் வையுங்கள், மேற்கோள் காட்டும்போது தேவைப்படும்.

இனி காதில் விழாத பிழை. இப்போது செயற்கை நுண்ணறிவு ஆப்களிடம் படத்தைக் கொடுத்தால் கையெழுத்தைக்கூட ஓரளவு படித்துச் சொல்கின்றன, படத்தில் என்ன இருக்கிறது என்று வர்ணிக்கின்றன. நானும் தினம் பயன்படுத்துகிறேன். ஆனால் இவை வேறு சாதி. பழைய எழுத்துணரிக்குத் தெரியாவிட்டால் கரலம், கெரடு என்று உளறும், உளறலைக் கேட்டதும் நாம் உஷாராவோம். இவை உளறுவதில்லை, தெரியாத இடத்தைப் பொருத்தமாக நிரப்பிவிடுகின்றன. சித்தப்பா மகள் கல்யாணப் பத்திரிகையைப் படம் பிடித்துக் கேட்டேன். வழவழ அட்டை, பொன்னிற எழுத்து. கணீரென்று படித்தது, பெயர்கள் எல்லாம் சரி, மண்டபம் சரி, முகூர்த்தம் காலை 9 மணிக்குமேல் 10.30க்குள் என்றது. பத்திரிகையில் இருந்தது 7.30க்குமேல் 9க்குள். முதல் நாள் ராத்திரி அம்மா போன் பண்ணி எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய் என்று கேட்டதால் தப்பித்தேன், இல்லாவிட்டால் நேராகப் பந்திக்குத்தான் போயிருப்பேன்.

அதனால் எண்கள் வருகிற எதையும் இரண்டு வழியில் பார்க்கிறேன். அதே தாளை இன்னொரு தடவை வேறு கோணத்தில் படம் எடுத்து, அல்லது கூகுள் லென்ஸில் போட்டு, இரண்டும் ஒரே எண்ணைச் சொல்கிறதா என்று பார்ப்பேன். கேட்கும்போதே "இருக்கிற எழுத்தை அப்படியே மட்டும் கொடு, தெளிவில்லாத இடத்தில் கேள்விக்குறி போடு" என்று சொல்லிவிடுவது உதவுகிறது, முழுக்க நம்ப முடியாது. மருந்தின் அளவு, காலாவதித் தேதி, கணக்கு எண் இந்த மூன்றுக்கும் பார்வையுள்ள ஒருவரின் கண் வேண்டும், இதில் சுயமரியாதை பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கலாம், பீ மை ஐஸ் ஆப்பில் தன்னார்வலரைக் கூப்பிடலாம், மருந்துக் கடைக்காரரையே கேட்கலாம்.

திருத்தி முடித்த கோப்போடு அந்தப் பக்கங்களின் படங்களையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள், இடம் அடைக்கிறது என்று அழித்துவிடாதீர்கள். 2016இல் நான் ஸ்கேன் செய்த ஒரு சிறுகதைத் தொகுப்பு அப்போது பாதிக்குமேல் குப்பையாக வந்ததால் படிக்காமலே கிடந்தது. போன மாசம் அதே படங்களை மறுபடி ஏற்றினேன். முதல் கதையில் நாலே நாலு இடத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது, மூன்று புள்ளி, ஒரு ழு. இப்போது ஏழாவது கதையில் இருக்கிறேன்.